பாடுகிற ரேடியோ

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர்கள் ஒரு நோயாளியின் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆனாலும் யாருக்கு என்ன நோய் என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். எலும்பு முறிவுக்காரர்களின் கால்சட்டை ஒரு பக்கம் தொடைவரை கத்தரிக்கப்பட்டு வரும். பிரசவப் பகுதித் துணியை எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் பால் வாடை போகாது. கோடியில் இருக்கும் மஞ்சள் கட்டிடத்து மனநோய்ப் பகுதியிலிருந்து வருகிற கால்சட்டைகளில் நாடா இருக்காது. இடுப்பில் ரப்பர் மட்டும் இருக்கும்.

அங்கே இஸ்திரி போட வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள். "ஏங்க்கா, மஞ்சக் கட்டிடத்துக்கு மட்டும் ஏன் நாடா வைக்க மாட்டேங்கறாங்க? அவங்களுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாதா?"

சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரியை எல்லாரும் கஞ்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கஞ்சி போட்ட துணி மாதிரி ஆள் எப்போதும் விறைப்பு. அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். "அவிழ்க்க நல்லாத் தெரியும்டி. போடக் கூடாதுன்னுதான்."

புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகும் வேலை வேலைதான். கால்சட்டையை நீளவாக்கில் மடித்து, மடிப்பின் மேல் இஸ்திரியை ஓட்டி, இன்னொரு மடிப்பு மடித்து, அடுக்கில் வைக்க வேண்டும். வருடக்கணக்கில் வைத்தாள். அதில் ஒன்றைத் தன் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு நிற்பார் என்று எந்தப் பெண்டாட்டி நினைத்துப் பார்ப்பாள்?

அவள் வீட்டுக்காரன் முடிதிருத்துகிறவன். பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் சின்ன சலூன். மூன்று நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி. ஊரில் அவனுக்குப் பெயர் ரேடியோ. வாய் மூடாது. வாடிக்கையாளரின் தாடையில் கத்தியை வைத்துக்கொண்டே மாமியார் மருமகள் இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவான். உட்கார்ந்திருக்கிற ஆள் சிரிக்க முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல், துண்டுக்குள் வயிறு குலுங்க இருப்பான். அப்படிச் சிரிக்க வைத்தும் ஒரு கீறல் விழாது. அந்தக் கை அப்படிப்பட்ட கை.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் அவளைப் பிடித்ததும் அந்த வாயால்தான். வேலை முடிந்து அவள் ஏறுகிற பேருந்தில் தினமும் ஏறுவான். பக்கத்தில் வந்து உட்கார மாட்டான், அந்த மட்டும் மரியாதை தெரியும். முன்னால் நின்றுகொண்டு பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி செய்தி வாசிப்பான். "முக்கியச் செய்திகள். சலவைக்கூடத்துப் பெண் இன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வானிலை மந்தமாகக் காணப்படும்." நடத்துனரே சிரித்துவிட்டு, "திரும்பித்தான் பாரேம்மா, எனக்குக் காது வலிக்குது" என்றார். திரும்பினாள். அவ்வளவுதான்.

ரேடியோ பாடாத நாட்களும் இருந்தன. ஏதோ ஒரு மாதம், காரணம் எதுவும் இல்லாமல், அவன் வாய் சுருங்கிக்கொண்டே வந்து நின்றுவிடும். கடையைத் திறப்பான், முடி வெட்டுவான், கூட்டுவான், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். "இன்னைக்கு ரேடியோவுல கரண்ட் இல்லையா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாடிக்கைக்காரர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அவனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், "சின்ன வயசுலேருந்து இப்படித்தான். மழைக்காலம் மாதிரி. வரும், போகும்" என்பாள். சில வாரத்தில் போகவும் செய்யும்.

இந்தத் தடவை போகவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. குளிக்கவில்லை. மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்து நீட்டியபோது அதை வாங்கி, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று தெரியாதவன் மாதிரி கையில் வைத்துக்கொண்டு இருந்தான். ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கக் கடைக்குப் போனாள். கடையில் ஆள் இல்லை. நடு நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துண்டு கட்டியிருந்தது. கையில் கத்தி. முகத்தில் சோப்பு நுரை போட்டிருக்கவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "பசிக்கலை" என்றான்.

அவள் தூக்கை வைத்துவிட்டு, கடையிலிருந்த எல்லாக் கத்தியையும் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவனை மஞ்சள் கட்டிடத்துக்கு அழைத்துப் போனாள். நாத்தனாரும் கூட வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. வெளியே நடைகூடம் முழுக்க ஆள். ஆனாலும் அவசரப்படாமல் கேட்டார். தூக்கம், பசி, வேலையில் நாட்டம், சாக வேண்டும் என்ற நினைப்பு. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் அசைத்தான். கடைசிக் கேள்விக்கும் அசைத்தான். நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "இதுக்கு நேர் எதிரா ஏதாவது காலம் இருந்திருக்காம்மா? தூக்கமே தேவைப்படாம, பேச்சு நிக்காம, அளவுக்கு மீறின உற்சாகம்?"

அவள் மனதில் உடனே வந்தது அந்தக் கோடை. மகள் பிறப்பதற்கு முந்தின கோடை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெட்டி அடியில் வைத்த நகை மாதிரி, எப்போதாவது தனியாக எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அதைப் போய் இந்த அறையில், இந்த மேசைமேல் வைப்பதா? இவர்கள் பழுதைப் பார்க்கிறவர்கள். பாடுகிற ரேடியோவை யாராவது ரிப்பேருக்குக் கொண்டுபோவார்களா?

"இல்லைங்க டாக்டர். மத்த நாள்ல நல்லா இருப்பார்."

"நல்லான்னா?"

"எல்லார்கிட்டயும் கலகலப்பா."

"என் தம்பி மாதிரி சிரிச்ச முகம் ஊர்லயே கிடையாதும்மா" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா ஒரு கணம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். எழுதினார். மனச்சோர்வு. அதற்கான மாத்திரை.

மாத்திரை கேட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில வாரத்தில் அவன் குளித்தான். அடுத்து, கேட்டுச் சாப்பிட்டான். ஒரு காலை பல் துலக்கிக்கொண்டே, "இந்தத் தெரு நாய் இருக்கே, அது நம்ம அக்கா நடக்கிற மாதிரியே நடக்குது" என்றான். அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். கத்திகளைத் திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் தெரு முழுக்க, "டாக்டரம்மா கை ராசியான கை" என்று சொல்லிவைத்தாள்.

ரேடியோ பாடியது. பிறகு இன்னும் சத்தமாகப் பாடியது. கடையை விடியும் முன்பே திறந்தான். கண்ணாடிகளைக் கழற்றிக் கூரையில் மாட்டினான், மேலே பார்த்தபடி சவரம் செய்துகொண்டால் மனிதனுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் வருமாம். கணக்கு வாத்தியார் ஒருவர் முப்பது வருடமாக வளர்த்த மீசையோடு வந்து, நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டார். எழுந்தபோது மீசை இல்லை. "இத்தனை நாளா நல்ல முகத்தைத் திரை போட்டு மறைச்சு வெச்சிருந்தீங்களே சார்!" என்றான் ரேடியோ. தெரு சிரித்தது. வாத்தியார் வாயைக் கையால் மூடிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை அவன் அதே கதையை அவளிடம் நாலாவது தடவை சொன்னபோது, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மாவிடம் போய் என்ன சொல்வது? மாத்திரை ரொம்ப நல்லா வேலை செய்யுது என்றா?

அந்த வாரக் கடைசியில் அவன் நடு நாற்காலியைத் தரையிலிருந்து பெயர்த்து, இழுத்துக்கொண்டு போய், நாற்சந்தியில் போட்டான். விளக்குச் சிவப்பாக இருக்கிற நேரத்தில் ஒரு முகம் முடித்துவிடுவானாம். "இறங்கி வாங்க அண்ணே, பச்சை விழறதுக்குள்ள மாப்பிள்ளையா அனுப்பறேன்!" லாரிக்காரர்கள் முதலில் ஒலிப்பானை அடித்துச் சிரித்தார்கள். வண்டிகள் சந்து பொந்து வரைக்கும் நின்றன. போக்குவரத்துக் காவலர் வந்து கையைப் பிடித்தார். அந்தக் கையில் கத்தி இருந்தது. யாரையும் வெட்ட அவன் நினைக்கவில்லை. உற்சாகத்தில் கையை வீசிப் பேசுகிற வழக்கம், அவ்வளவே. காவலரின் மணிக்கட்டு திறந்துகொண்டது.

யாரோ சொல்லி அவள் ஈரக்கையோடு ஓடி வந்தபோது நாலு பேர் அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். கன்னம் தாரில் தேய்ந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துட்டா என் பெண்டாட்டி! நான் எவ்வளவு நல்லா இருக்கேன்னு இவளைக் கேளுங்க. சொல்லும்மா. நீ சொல்லு!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

மஞ்சள் கட்டிடத்தின் படுக்கைப் பகுதிக்குள் அவள் அன்றுதான் முதல் தடவை போனாள். கட்டில்கள் தரையோடு திருகப்பட்டிருந்தன. ஊசி போட்டிருந்ததால் அவன் சுவரோடு சாய்ந்து அரைத் தூக்கத்தில் நின்றிருந்தான். ரப்பர் இடுப்புக் கால்சட்டை. முழங்காலுக்குக் கீழே கத்தி மாதிரி மடிப்பு. அந்த ஓரத்தை அப்படி இரட்டையாக அழுத்துகிறவள் சலவைக்கூடத்தில் அவள் ஒருத்திதான்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு அவளை உட்கார வைத்தார். "போன தடவை நான் இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கணும். தப்பு என்மேலயும் இருக்கு. இது வெறும் சோர்வு இல்லைம்மா. ஏறி இறங்கற நோய். சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தா, இறக்கத்துல கிடந்த ஆளை அது ஏத்திவிட்டுடும். இப்ப சொல்லுங்க. இதுக்கு முன்னாடி இப்படி இருந்திருக்காரா?"

அவள் அந்தக் கோடையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சார். தனியாவே. ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் மஞ்சள். எனக்குப் பிடிச்ச நிறம் எதுன்னு நான் மாத்தி மாத்திச் சொல்லச் சொல்ல அவரும் மாத்தி மாத்தி அடிச்சார்."

"தூக்கம்?"

"விடியற நேரத்துல கண்ணை மூடுவார். அலுப்பே தெரியாது."

டாக்டரம்மா எழுதினார்.

"என்னை ரயில் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவார். அங்க நின்னு போற வர்ற ரயிலுக்கெல்லாம் கையசைச்சு, உள்ள இருக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை சொல்லுவார். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தார். தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் சும்மாவே முடிவெட்டினார்."

"பெரிய பெரிய திட்டம்?"

"சக்கரம் வெச்ச சலூன் கட்டி ஊர் ஊராப் போகணும்பார். நான் முன்னாடி உட்கார்ந்து மணி அடிக்கணுமாம்."

பேனா ஓடியது. அடுத்த கேள்வியை டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களோட நெருக்கம்? வழக்கத்தைவிட அதிகமா இருந்ததா?"

அவள் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தாள். அதையும் எழுதினார்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... நான் உண்டாயிருந்தேன். அவர் பேச்சு நின்னுபோச்சு. மாசக்கணக்கா. பொறுப்பு வந்துடுச்சுன்னு அக்கா சொன்னாங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்தார்?"

பேருந்துச் செய்தி வரைக்கும் வந்தபோது அவள் நிறுத்தினாள். "அதையும் எழுதணுமா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தச் சந்தோஷம் பொய்யின்னு நான் சொல்லலைம்மா. நிஜம்தான். ஆனா நீங்க போன தடவை சொல்லாம விட்டதும், நான் கேட்காம விட்டதும்தான் அந்தக் காவலர் கையில தையலா இருக்கு."

அவள் சொல்லி முடித்தாள். வெளியே வந்தபோது பேருந்து நின்றிருந்தது. ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

லித்தியம் என்று ஒரு மருந்து. உப்பு இனம். பல பேரை அது கிணற்றிலிருந்து தூக்கி, மாடியிலிருந்து இறக்கி, சமதரையில் நடக்க வைத்திருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் விஷம். அவள் எல்லாவற்றையும் சரியாகக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவன் வேளைக்குத் தூங்கினான், வேளைக்குச் சாப்பிட்டான். காவலரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். கணக்கு வாத்தியாரிடமும் கேட்டான். "இனிமே யாருக்காக மறுபடி வளர்க்கிறது, விடுப்பா" என்றார் அவர்.

எல்லாம் சரி. கை நடுங்கியது.

பெரிய நடுக்கம் இல்லை. தம்ளரைப் பிடித்தால் தண்ணீரின் மேல் ஒரு சிலிர்ப்பு ஓடும், அவ்வளவுதான். வேறு தொழில்காரன் என்றால் கவனித்திருக்கக்கூட மாட்டான். அவன் இயந்திரத்தை வைத்து முடிவெட்டிப் பார்த்தான், முடிந்தது. கத்தியை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் பலூன் வாங்கி வரச் சொன்னான். சவரம் கற்கிறவர்கள் பலூனில்தான் கற்பார்கள். ஊதி, நுரை தடவி, பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் கத்தியால் வழித்து எடுக்க வேண்டும். சிறுவயதில் ஒரே நாளில் தேறியவன் அவன்.

முதல் பலூன் வெடித்தபோது நுரை மூவர் முகத்திலும் தெறித்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். "அப்பா, இன்னொண்ணு!" இரண்டாவதும் வெடித்தது. பாக்கெட்டில் இருந்த எல்லாப் பலூனும் வெடிக்கும்வரை அவன் நிறுத்தவில்லை. மகள் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள் என்று அவள் கவனித்தாள். கடைசிப் பலூனுக்குப் பின் அவன் கத்தியைக் கழுவித் துடைத்து, உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

டாக்டரம்மா மருந்தைச் சிறிது குறைத்துப் பார்த்தார். ஒரு வாரத்தில் கண்ணில் பழைய மினுமினுப்பு எட்டிப் பார்த்தது, திரும்பக் கூட்டினார். நடுக்கத்துக்கென்று ஒரு மாத்திரை உண்டு, ஆனால் மூச்சிளைப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்க முடியாது. முடித்தூளும் பவுடரும் அவன் நெஞ்சில் இருபது வருடமாக இறங்கி இளைப்பாகியிருந்தன. மாற்று மருந்து ஒன்றில் தலைமுடி கொட்டியது, நடுக்கம் அதிலும் இருந்தது. "கை வேணுமா, தலை வேணுமான்னு கேட்கற மாதிரி இருக்கு" என்றான் அவன். கசப்பாகக்கூடச் சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னான்.

சவரத்துக்கு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பேச்சுக்கு வந்தவர்களும் போனார்கள், பேச்சு இல்லையே. பிறகு அவன் கடையை இன்னொருவரிடம் விட்டு, அதே கடையில் கூட்டிப் பெருக்கவும் துண்டு துவைக்கவும் இருந்தான். துண்டுகளை அவள்தான் இஸ்திரி போட்டாள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "உப்பு போதுமா?" "போதும்." "மழை வரும் போலிருக்கு." "வரும்."

கஞ்சி அக்கா ஒருநாள் கேட்டாள். "உன் வீட்டுக்காரர் எப்படிடி இருக்கார்?"

"நல்லா இருக்கார்க்கா. தூங்கறார், சாப்பிடறார்."

"அப்புறம் ஏன்டி மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? சாவு விழுந்த வீடு மாதிரி."

அவள் இஸ்திரியை வேகமாக ஓட்டினாள். செத்திருந்தால் எல்லாரும் வந்து துக்கம் கேட்டிருப்பார்கள். இதற்கு யாரும் வரவில்லை. நல்லா ஆயிட்டாரே, புண்ணியம் பண்ணினவ என்கிறார்கள்.

ஒருநாள் அவன் நேராகவே கேட்டான். "ஒரு வாரம் மாத்திரையை விட்டுப் பாக்கட்டுமா? கை நிக்குதான்னு பாக்கறேன். ஒரே ஒரு வாரம்."

"முடியாதுங்க."

"நீ கல்யாணம் பண்ணிக்கிட்டது இந்த ஆளையா?"

அவள் தம்ளரையும் மாத்திரையையும் நீட்டினாள். அவன் வாங்கி விழுங்கி, குழந்தை மாதிரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். அது அவள் கேட்டு அல்ல. ஆனாலும் அவள் பார்த்தாள்.

பார்க்கிற பழக்கம் நாளடைவில் தளர்ந்தது. சலித்துப்போனாள், வேறொன்றுமில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது வரும்.

ஒரு காலை அவள் மகளுடைய பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவன் குரல். "ஊர்ல எல்லார் துணிச் சுருக்கத்தையும் எடுக்கற. உங்க அம்மா முகத்தை மட்டும் ஏன் விட்டுவெச்சிருக்க?"

அவள் திரும்பினாள். அவன் கண் சிரித்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் ஓடி வந்து என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். அடுப்படியில் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான் அவன். தண்ணீர் அசையாமல் இருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் என்பதுதான் தெரியாது. சட்டையைத் தொங்கவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கு ஒருநாள் போகட்டும் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். அவன் பலூன் வாங்கி வந்து சுத்தமாக வழித்துக் காட்டினான், மகள் வீட்டைச் சுற்றி ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சவரம் செய்தான். அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, ரயில் பாலத்துக்குப் போய் எவ்வளவு நாளாச்சு என்றான். போனார்கள். பாலத்தின் மேல் அவன் கையசைக்க, அவளும் கையசைத்தாள். பட்டினி கிடந்தவள் திருடித் தின்கிற மாதிரி, ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு அவள் அந்த நாட்களைத் தின்றாள்.

பிறகு ஒரு விடியற்காலையில் கண் விழித்தாள். அவன் கூடத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். "இந்த நீலம் சரியில்லை. எந்த நிறம் வேணும் சொல்லு. சட்டுனு சொல்லு, நிறைய வேலை இருக்கு." பதிலுக்கு நிற்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனான்.

அவள் வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி, சலவைக்கூடத்தைத் தாண்டி, மஞ்சள் கட்டிடத்தின் பதிவு ஜன்னலில் போய் நின்றாள்.

"நோயாளிக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டார் உள்ளே இருந்தவர்.

"சிரிக்க வைக்கிறார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "காலங்காத்தால விளையாட்டா? பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாரும்மா."

"விளையாட்டு இல்லைங்க. அவசரம்."

டாக்டரம்மாவிடம் அந்த இஸ்திரி நகைச்சுவையை அப்படியே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததற்காக அவரைக் கொஞ்சம் வெறுத்தாள். ரயில் பாலத்தையும் சொன்னாள், தம்ளரில் அசையாத தண்ணீரையும் சொன்னாள். இந்தத் தடவை எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனை வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் ஏணிமேல் இருந்தான். இறங்கி வந்து, வந்தவர்களைப் பார்த்து, அவளைப் பார்த்தான்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"நான் நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கலாமே."

"முதல் தடவை அதைத்தாங்க சொன்னேன்."

அவன் தூரிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். அந்த மட்டும், நோய் உச்சிக்கு ஏறுவதற்குள் பிடித்தது நல்லது என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னார். மருத்துவப்படி அது சரிதான். இன்னும் நாலு நாள் போயிருந்தால் திரும்பவும் நாற்சந்திதான்.

அவன் திரும்பி வந்தான். மாத்திரையை அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான், யாரும் நாக்கைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கத்திகளைக் கடையை எடுத்து நடத்துகிறவரிடம் கொடுத்துவிட்டான். கூட்டினான், பெருக்கினான், துண்டு துவைத்தான். அவளிடம் கோபமாகவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பாள். சுவர் பாதி நீலமும் பாதி வெள்ளையுமாக நின்றது. இருவரும் அதைத் தொடவில்லை.

மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். நாடகத்தில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள், அவள்தான் ராணி, இல்லை, ராணி வேண்டாம், கிழவி வேடம்தான் கேட்டு வாங்கினாள், கிழவிக்குத்தான் எல்லாரும் சிரிப்பார்கள், வசனத்தை அவளே எழுதப்போகிறாள், தலைமையாசிரியர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாளாம், அவரே பின்னால் நின்று பார்த்தாராம். முதுகைக் கூனி, புட்டத்தை ஆட்டி, நடந்து காட்டினாள். அப்படியே தலைமையாசிரியர். முகம் பளபளத்தது. மூச்சு விட நேரமில்லாமல் பேசினாள்.

அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது.

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டாள்.

மகளின் கால் பாதி நடையில் நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தி, பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"தூங்கினேன்மா" என்றாள், ரொம்ப மெதுவாக.

ரேடியோ தேநீர்த் தம்ளரை மேசைமேல் வைத்தான். வைக்கும்போது கொஞ்சம் தளும்பிக் கொட்டியது. வெகுநாளைக்குப் பிறகு அவனாக வாயைத் திறந்தான்.

"அவளையாவது விட்டுடு."

அவள் எழுந்து துணியை எடுத்து வந்து, கொட்டினதைத் துடைத்தாள்.